மனம் ஆறும் வழி – 9
அது அன்று நடந்தது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. இரும்பு உருக்காலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், பழைய இரும்பைச் சாய்க்கும் லாரிகள். ஈழத்திலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமும் இதே ஊரில்தான் பல்லாண்டுகளாக இருக்கிறது. 2021இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. ஷெல்லடியில் உயிர் தப்பியவருக்குத் தகரம் விழும் சத்தம் வெறும் தகரச் சத்தமாகக் கேட்காமல் போகலாம். முப்பது வருஷம் கழித்தும் உடம்பு முதலில் பதுங்கும். ‘இது கும்மிடிப்பூண்டி’ என்ற நினைப்பு அப்புறம்தான் வரும்.

மூளையில் ஆபத்தை உணர்ந்து உடம்பை உசுப்புவது அமிக்டலா. எங்கே, எப்போது என்று நினைவுகளைக் கோத்து வைப்பதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரும்பங்கு. உயிர்ப்பயம் எல்லை மீறும்போது முன்னது முடுக்கிவிடப்படுகிறது, பின்னது தடுமாறுகிறது என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம். சத்தமும் புகைநாற்றமும் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன. தேதி முத்திரை விழாத தபால்போல அவை எந்த நாளிலும் வந்து கதவைத் தட்டும்.

சிகிச்சை அந்த நினைவை அழிப்பதில்லை, அதற்கு முத்திரை குத்துகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அகதிகளுக்காக உருவாக்கிய முறையில், தரையில் ஒரு கயிற்றைக் கிடத்துவார்கள். அதுதான் ஆயுள். நல்லது நடந்த இடத்தில் பூ, கொடுமை நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக, என்ன பார்த்தாய், என்ன கேட்டது, இப்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று வரிசையாகச் சொல்லவைப்பார்கள். ஆலோசகர் எழுதிக்கொண்டு அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். பயம் தணியும்வரை பாதியில் விடக்கூடாது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் பார்த்த 31 பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வாழ்க்கையைச் சொல்லவைக்கும் இந்தக் கதைமுறை, மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். தலா ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 2009இல் வெளியான முடிவு இது. சிகிச்சையே பெறாத குழு இல்லாததால், தானாக ஆறியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனாலும் தியானக் குழுவும் ஏறக்குறைய அதே அளவு தேறியது எனக்கு வியப்பில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே சாந்தி ஆசனம், மூச்சுப்பயிற்சி, அவரவர் மதத்து ஜெபம் ஆகியவற்றைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டவர்.

விபத்து நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து ‘எல்லாத்தையும் சொல்லிடுங்க’ என்று கிளறுவது வேறு விஷயம். அது பயன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். முதல் நாட்களில் தேவை பாதுகாப்பு, சாப்பாடு, தூக்கம், சொந்தக்காரர்.

முகாமில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு முட்டுக்கட்டை. ‘அது முடிந்துவிட்டது’ என்று மூளை நம்பினால்தான் நினைவு பின்னே போகும். குடியுரிமை இல்லை, இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் பெயர் அகதி. கயிற்றில் அடுத்த கல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவரிடம், எல்லாம் கழிந்த காலம் என்று எந்த ஆலோசகரால் சொல்ல முடியும்?

உதவி தேவைப்படுவோர் அரசின் டெலி மானஸ் எண் 14416இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். விரலை அசைத்துக் கண்ணைப் பின்தொடரச் செய்யும் சிகிச்சையைப் பற்றிச் சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அது அடுத்த வாரம்.

(தொடரும்)