இறைச்சிக்கு எடுக்கவேண்டிய கோழி எது?

வீட்டு வளவில் பத்துப் பன்னிரண்டு கோழிகளை வளர்க்கும் கமக்காரக் குடும்பங்களில், எக்கோழியை இறைச்சிக்கு எடுப்பது என்பதைப் பெரும்பாலும் கோபமே தீர்மானிக்கின்றது. கூட்டைவிட்டு எழும்பாது சீறிக் கொத்தவரும் அடைக்கோழி, தன் முட்டையைத் தானே உடைத்துக் குடிக்கும் கோழி, கத்தரிப் பாத்தியைக் கிளறும் கோழி ஆகியனவே முதலில் அகப்படுகின்றன. திடீரென விருந்தினர் வந்துவிட்டால் ஆராய்வதற்கு நேரமும் இல்லை. இவ்வாறு அறுக்கப்படுவனவற்றுட் பல இன்னும் ஓரிரு ஆண்டுகள் முட்டையிடக்கூடியவை. ஒரு தொந்தரவுங் கொடாமல், நன்றாகத் தின்று, ஒரு முட்டையும் இடாத கோழியோ பட்டியில் நிலைத்துவிடுகின்றது.

அடைகிடத்தல் குற்றமன்று. குஞ்சுபொரிக்கும் பொறியில்லாத வீட்டில் 21 நாள் பொறுமையுடன் முட்டைக்குச் சூடுகொடுக்கும் பேடு பெரும் உதவியாகும். குஞ்சு வேண்டாவிடின், அதனை வைக்கோற் கூட்டிலிருந்து அகற்றி, காற்று அடியிலும் புகக்கூடிய கம்பிவலைத் தளமுள்ள கூட்டில், தீனும் நீரும் குறையாது மூன்று நான்கு நாள் அடைத்துவைத்தாற் பெரும்பாலும் அவ்வெண்ணம் மாறும். நீரில் அமிழ்த்துதலும் மூக்கில் இறகு செருகுதலும் கோழியை வருத்தும் செயல்களாம், அவை வேண்டியதில்லை.

இறகுதிர்க்கும் கோழியை அறுப்பது இரட்டை நட்டம். கழுத்தும் முதுகும் வெறுமையாகி, நோயுற்றதுபோல் ஒடுங்கி நிற்கும் அக்கோழி புதிய இறகை வளர்ப்பதற்காகவே இரண்டு மூன்று மாதம் முட்டையை நிறுத்துகின்றது. அப்பருவத்தில் அறுத்தால் தோலெங்கும் முளையிறகு நிறைந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதில் இல்லத்தரசியின் அரைநாள் கழிந்துவிடும்.

முட்டை குடிக்கும் பழக்கம் பெரும்பாலும் மெல்லிய ஓட்டினால் ஆரம்பமாகின்றது. தற்செயலாக உடைந்த முட்டையின் சுவையை ஒருமுறை அறிந்த கோழி பின்னர் தானே உடைக்கும். இடித்த சிப்பியோடு தனிச் சட்டியில் எந்நேரமும் கிடைக்கவேண்டும். நான்கைந்து கோழிகளுக்கு ஒரு கூடாவது சற்று இருளான இடத்தில் அமையவேண்டும். முட்டைகளை நாளுக்கு இரண்டு மூன்று முறை எடுத்துவிடல் வேண்டும். இவையெல்லாஞ் செய்தும் திருந்தாத கோழியை அறுப்பதில் தவறில்லை.

சாம்பலிலும் புழுதியிலும் கோழி புரண்டு உதறுவதைக் கண்டு வலிப்பென்று அஞ்சுவோர் உளர். பேன் போக்கவும் இறகைத் துப்புரவாக்கவும் அது எடுக்கும் குளிப்பே அஃதாகும். சேவலைப்போலக் கூவும் பேடு வீட்டுக்கு ஆகாதென்ற அச்சமும் வீணானது. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றே தொழிற்படுவது. அது நோயினாற் கெட்டபோது சிற்சில பேடுகளில் ஆண் தன்மை மேலோங்கிக் கொண்டை வளர்ந்து, கூவுதலும் உண்டாகும். அத்தகைய பேடு முட்டையிடாதாகையால் அதனைக் கழிப்பது சரியே. காரணம் மட்டும் சகுனமன்று.

ஒரு கோழி எப்போதும் ஒதுங்கி மெலிந்து நிற்பின், அதன் இனத்தாரே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும். கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்ற ஒழுங்கு இருப்பதை நோர்வே நாட்டினரான ஷெல்டெருப்-எப்பே என்பவர் 1922ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். கடைசிப்படியில் உள்ளதற்குத் தீன் எட்டுவதில்லை. சற்றுத் தூரத்தில் இரண்டாவது தீன்பாத்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தபின்னரே அதனைப்பற்றி முடிவுசெய்யலாம்.

முட்டையிடாத கோழியைக் கண்டறிவதற்குக் கைவிரல்களே போதும். கழிவாயின் இருபுறமும் இடுப்பெலும்பின் கூரிய முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கிடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் அடங்கினால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரலே அடங்கினால் இடாத கோழி. முட்டையிடும் கோழியின் கழிவாய் அகன்று ஈரமாகவும், கொண்டை சிவந்து மிருதுவாகவும் இருக்கும். அடைகிடக்கும்போதும் இறகுதிர்க்கும்போதும் எந்த நல்ல கோழியும் இச்சோதனையில் தோற்கும். ஆதலால் அக்காலங் கழிந்தபின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

தெரிந்தெடுத்த கோழிக்கு முதல்நாள் இரவு தீன் கொடாது நீர் மாத்திரம் கொடுக்க வேண்டும். தீன்பை நிறைந்திருந்தால் அது கிழிந்து இறைச்சியை அசுத்தமாக்கும். இருளிற் கோழிக்குப் பார்வை குன்றுமாகையால், விடியுமுன் கொப்பிலிருந்து ஓசையின்றி எடுத்துவிடலாம். வளவெங்கும் துரத்துதல் தேவையில்லை. அடியில் துளையிட்ட தகரப் புனலில் தலைகீழாக இறக்கி, கூரிய கத்தியாற் கழுத்தின் இருபுறக் குருதிக்குழாய்களையும் ஒரே முறையில் வெட்டி, இரண்டு நிமிடமளவு குருதி வடியவிட வேண்டும். அசைவு முற்றாக அடங்குமுன் சுடுநீரில் இடுதல் கொடுமையாகும்.

கொதிக்கும் நீரும் தொட்டி நீரும் சம அளவாகக் கலந்தால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசு வரையான சூடு கிடைக்கும். ஒரு நிமிடம் அமிழ்த்தி, வாலிறகு இலகுவிற் கழன்றால் எடுத்துவிடலாம். கொதிநீரை அப்படியே ஊற்றினால் தோல் வெந்து இறகுடன் கிழியும். மஞ்சள் பூசி வைக்கோற் சுவாலையில் வாட்டும் வழக்கம் எஞ்சிய மயிரைப் போக்குவதற்கு நல்லது. பின்னர் வாலின்மேலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை நீக்கி, கழுத்தடியில் தீன்பையைத் தளர்த்தி, கழிவாயைச் சுற்றிக் குடலிற் கத்தி படாது வெட்டி, உள்ளுறுப்புகளை ஒருங்கே இழுத்தெடுக்க வேண்டும். பித்தப்பை உடைந்தால் ஈரல் கசக்கும். ஈரலில் வெண்புள்ளிகளோ வயிற்றில் துர்நாற்ற நீரோ காணப்படின் அக்கோழி உணவுக்கு ஆகாது. உயிர் நிறையின் மூன்றில் இரண்டு பங்களவு உண்ணத்தக்கதாகக் கிடைக்கும். இறைச்சி வெட்டிய பலகையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரிதல் கூடாது. இரண்டு மணித்தியாலத்துள் சமைத்தல் அல்லது குளிரூட்டியில் வைத்தல் வேண்டும்.

நோயுற்று வாடிய கோழியை "சாகுமுன் அறுத்துவிடுவோம்" என்று எடுப்பதே எல்லாவற்றிலும் பெரிய தீங்கு. நியூகாசில் நோய் 1926ஆம் ஆண்டில் யாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்டது. இராணிக்கெற் என்பதும் இதன் பெயரே. அந்நோயுற்ற கோழியின் குடலைக் காகம் தூக்கிச்சென்று அயல் வளவிற் போட்டால் அயலவர் பட்டி முழுவதும் அழியலாம். கோழிகள் அடுத்தடுத்து வாடினால் கத்தியை வைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

வேலை முடியும்வரை நாயையும் பூனையையும் கட்டியோ அடைத்தோ வைத்தல் நன்று. துடிக்கும் கோழியைக் கண்டு குருதியை நக்கிப் பழகிய நாய்க்குட்டியைக் குஞ்சுகளிடையே நம்பி விடுவதற்கில்லை. பூனையால் வரும் தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. வளவில் மேயும் கோழியின் தசையில் டொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி இருத்தல் கூடும். பச்சையாகத் தின்ற பூனையின் மலத்தில் அது வெளிவரும். பூனையோ தன் மலத்தைப் புதைப்பதற்குப் பொருபொருத்த மண்ணைத் தேடும் பிராணி. புதிதாகக் கொத்திய மிளகாய்ப் பாத்தியைவிட அதற்கு உகந்த இடம் வேறில்லை. அப்பாத்தியில் வெறுங்கையாற் களைபிடுங்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் அதனால் ஆபத்து உண்டு. ஆதலாற் பூனைக்குக் கொடுப்பதாயின் அவித்தே கொடுக்க வேண்டும். நாய்க்கு அவித்த எலும்பு கொடுத்தலாகாது, அது கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

எஞ்சிய குடலையும் இறகையும் இரண்டடி ஆழக் குழியில், நாய் தோண்டாதவாறு மேலே கல்லோ முள்ளோ இட்டுப் புதைத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப்போலச் சுண்ணக்கல் நிலமாயின் நிலத்திற் சேர்வது விரைவில் நீரைச் சென்றடையுமாகையாற் குழி கிணற்றுக்கு அண்மையில் இருத்தலாகாது. இறகு தழைச்சத்து மிக்கது; மெதுவாக உக்குவது. சுகமான கோழியின் இறகைப் புதைப்பதற்கு வளவின் கோடியில் நிற்கும் வாழையடி பொருத்தமான இடமாகும்.