மண்ணைப் படிக்கும் கோடை

கோடை விடுமுறை நெருங்கியதும் பிள்ளைகளை எந்த முகாமில் சேர்ப்பது என்ற கேள்வி இல்லந்தோறும் எழுகிறது. நீச்சல், ஓவியம், கணினி என்னும் வரிசையில் இப்போது வேளாண்மை, இயற்கை, தொல்லியல் முகாம்களும் இடம்பெறுகின்றன. இம்மூன்றும் வெவ்வேறு துறைகளாயினும், மூன்றுக்கும் மண்ணே பாடநூல்.

இராஜஸ்தானில் காக்கர் ஆற்றங்கரையில் உள்ள காலிபங்கன் இதற்குச் சான்று. 1960களில் பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு நடத்தியது. ஹரப்பா நாகரிகம் முழு வளர்ச்சி அடைவதற்கு முந்தைய காலத்து உழுத வயல் ஒன்று வெளிப்பட்டது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியிலும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 190 செ.மீ. இடைவெளியிலும் உழவுச் சால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அதன் பொருளை விளக்கியது அக்கம்பக்கத்து உழவர்களின் வயலே. நெருங்கிய சால்களில் கொள்ளும் அகன்ற சால்களில் கடுகும் விதைக்கும் வழக்கம் அப்பகுதியில் அன்றும் இருந்தது. 4,500 ஆண்டுகளுக்கும் முந்தைய தடத்தைப் படிக்க, வாழும் உழவரின் அறிவு உதவியது. தன் கையால் விதை ஊன்றிய குழந்தைக்கும் இவ்வயலின் கணக்கு எளிதில் விளங்கும்.

தொல்லியல் முகாம்களில் மாதிரி அகழாய்வு முக்கியமான பயிற்சி. பலநிற மண்ணை அடுக்கடுக்காக நிரப்பிய குழியில் பானை ஓடுகளையும் மணிகளையும் புதைத்து வைப்பர். பிள்ளைகள் நூல் கட்டிக் கட்டம் பிரித்து, தூரிகையால் மண்ணை விலக்கி, ஆழத்தைக் குறித்த பின்னரே பொருளை எடுக்க வேண்டும். தோண்டிய அடுக்கை மீண்டும் அமைக்க இயலாது என்பதே இங்குக் கற்கும் பாடம். உண்மையான தொல்மேட்டில் விளையாட்டாக எடுத்துச் செல்லும் ஓர் ஓடும், தன் இடத்தை இழந்ததும் தன் வரலாற்றையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

முகாமில் சேர்க்குமுன் சிலவற்றைக் கேட்டறிவது நலம். பிள்ளையின் கை மண்ணில் படுமா, படம் காட்டுவதோடு முடியுமா? வெளிப்புறப் பயிற்சி வெயில் ஏறுமுன் முடியுமா? குடிநீரும் நிழலும் உண்டா?

கட்டணம் செலுத்த இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவு இலவசம். வீட்டில் ஒரு தொட்டியும் ஒரு பிடி கீரை விதையும் போதும். முகாம் சில நாளில் முடிந்துவிடும். கீரை பறிப்புக்கு வர மூன்று வாரங்களுக்கு மேலாகும். அதுவரை நாள்தோறும் நீர் ஊற்றும் பொறுமையைப் பிள்ளைகள் வீட்டிலேதான் பழக வேண்டும்.