கொல்லிமலையைப் பாடிய புலவர்களும் வாழ்க்கை வரலாற்றெழுத்தின் சிக்கல்களும்: வன்பரணரை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, வல்வில் ஓரி, வன்பரணர், பரணர், கழைதின் யானையார், கொளு, புலவர் வரலாறு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், செம்மேட்டில், வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு; ஆடி மாதத்தில் அரசு சார்பில் விழாவும் நடைபெறுகிறது. ஓரியின் புகழ் இன்றளவும் நிலைபெறக் காரணம் அவனைப் பாடிய புலவர்களே. ஆயினும் அப்புலவர்களின் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகக் கூறத்தக்கவை மிகச் சிலவே. சான்றுகள் அரிதாக உள்ள இடத்தில் புலவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எவ்வளவு தூரம் எழுதலாம், எங்கு நிறுத்த வேண்டும் என்பதை ஓரியைப் பாடிய புலவர்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சான்றின் மிகுதியும் குறைவும்

தமிழில் புலவர் வரலாறு எழுதும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’ 1859இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சதாசிவம் பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வெளிவந்தது. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அவர் தம் ஆசிரியருடன் வாழ்ந்து பயின்றவர். கடிதங்களும் உடன்பயின்றோர் கூற்றுகளும் தனிப்பாடல்களும் அவருக்குக் கிடைத்தன. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதே அங்கு எழுந்த சிக்கல்.

சங்கப் புலவர் நிலை இதற்கு நேர்மாறானது. பாடலும் அதன் அடியில் அமைந்த கொளுவுமே அடிப்படைச் சான்றுகள். பாடல் புலவர் கூற்று. கொளுவோ தொகுப்பு மரபில் சேர்ந்த குறிப்பு. இவ்விரண்டையும் ஒரே தரத்தனவாகக் கொள்வதிலிருந்தே பல பிழைகள் தோன்றுகின்றன.

வன்பரணரும் பரணரும் ஒருவரா?

புறநானூற்றில் 148, 149, 150, 152, 153, 255 ஆகிய ஆறு பாடல்கள் வன்பரணர் பெயரில் உள்ளன. முதல் மூன்றும் கண்டீரக் கோப்பெருநள்ளியையும், 152, 153 ஆகியவை ஓரியையும் பற்றியன. பரணர் பெயரில் வேறு பல பாடல்கள் தொகைநூல்களில் உள்ளன. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தும் அவருடையது. புறநானூறு 291 நெடுங்கழுத்துப் பரணர் பெயரில் அமைந்துள்ளது.

இருவரையும் ஒருவராக்கக் கொல்லிமலைக் குறிப்புகள் துணைபுரிவதுபோல் தோன்றும். நற்றிணை 6, குறுந்தொகை 199 ஆகியவற்றில் பரணர் ஓரியின் கானத்தைத் தலைவியின் கூந்தல் மணத்திற்கு இயைத்துப் பாடுகிறார். குறுந்தொகை 89இல் அவரே கொல்லியைப் பொறையனுக்கு உரியதாகக் குறிக்கிறார். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியைக் கல்லாடனாரின் அகநானூறு 209 தருகிறது. ஆகவே, மலை கைமாறிய பின்னரும் பரணர் பாடியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

எனினும் இதனால் வன்பரணரே பரணர் என்பது பெறப்படாது. அகப்பாடலில் வரும் ஓரியின் கானம் ஓர் உவமைப் பொருள். வள்ளல் இறந்த பின்னரும் மலை அவன் பெயரால் வழங்கலாம். கபிலர் குறுந்தொகை 100இல் கொல்லியை ஓரிக்கு உரியதாகவும், நற்றிணை 320இல் ஓரி கொல்லப்பட்டதையும் குறிக்கிறார். அதுகொண்டு கபிலரையும் வன்பரணரையும் எவரும் ஒருவராக்குவதில்லை. ஓரியை அறிந்திருத்தல் அக்காலப் புலவர் பலர்க்கும் பொது. மேலும், ‘வன்’ என்னும் அடைமொழியைத் தொகுப்பாளர் தொடர்ந்து பேணியிருப்பது வேறுபடுத்தும் நோக்கத்தையே காட்டுகிறது. மறுப்பதற்கு வலுவான சான்று கிடைக்கும்வரை இருவரையும் வேறாகக் கொள்வதே தக்கது.

பாடல் நிகழ்ச்சி வாழ்க்கை நிகழ்ச்சியா?

புறநானூறு 152இல், ஒரே அம்பால் யானை முதலாகப் பல விலங்குகளை வீழ்த்திய வேட்டுவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. அவன் ஓரியோ என ஐயுற்றுப் பாடுகிறது. அவன் தன் பெயர் கேட்டு நாணி, ஊனும் தேறலும் பொன்னும் தருகிறான். இதனை அவ்வாறே வன்பரணரின் வாழ்வில் நேர்ந்ததாக எழுதுவது எளிது.

ஆனால் 150ஆம் பாடலில் நள்ளியைப் பற்றியும் ஏறத்தாழ இதே அமைப்பு வருகிறது. காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஊன் சுட்டுத் தந்து, அணிகலன்களையும் அளித்து, பெயர் கூறாமல் செல்கிறான். அவன் நள்ளி என்பது பின்னர் பிறர் கூறத் தெரியவருகிறது. இரு வள்ளல்களிடமும் ஒரே வகை நிகழ்ச்சி நேர்ந்தது என்பதைவிட, வள்ளலை அறியப்படாத வேட்டுவனாகக் காட்டுவது இப்புலவர் விரும்பிய புனைவு முறை எனக் கொள்வதே பொருந்தும். அன்றியும் 152இல் பேசுபவர் விறலியரை ஏவும் பாணர் தலைவர். பாடுவோர் குரலைப் புலவரின் சொந்தக் குரலாகக் கொள்ளுமுன் இதனையும் கருத வேண்டும். இதனால் வரலாற்றாசிரியர் இழப்பது ஒரு சம்பவம். பெறுவது புலவரின் கலைநெறி பற்றிய தெளிவு.

கழைதின் யானையார்

புறநானூறு 204 ஓரியைப் பற்றியது. இரத்தல் இழிவு, ஈயாமை அதனினும் இழிவு எனத் தொடங்கும் அப்பாடல், பயன் பெறாதோர் புள்ளையும் பொழுதையும் பழிப்பரேயன்றி வள்ளலைப் பழியார் என்றும், அதனால் ஓரியிடம் வெறுப்பில்லை என்றும் கூறுகிறது. ஓரி பரிசில் தரக் காலம் தாழ்த்தினான் என்று இதிலிருந்து உய்த்துணரலாம். ஆனால் பாடல் அதனை வெளிப்படையாகக் கூறவில்லை. உய்த்துணர்வை நிகழ்ச்சியாக எழுதும்போது, அடுத்துவரும் நூல்கள் அதனைச் சான்றாகவே கொண்டுவிடுகின்றன.

பெயரும் கவனத்திற்குரியது. செம்புலப்பெயனீரார் போன்ற பெயர்கள் பாடலின் தொடரால் அமைந்தவை. கழைதின் யானையார் என்பதும் அவ்வகையினதாகத் தோன்றுகிறது. ஆனால் அத்தொடர் இப்பாடலில் இல்லை. அது இடம்பெற்ற பிறிதொரு பாடல் வழக்கிழந்திருக்கலாம். இவ்வாறான இடைவெளியைக் கதையால் நிரப்பாமல் இடைவெளியாகவே காட்டுதல் வாழ்க்கை வரலாற்றின் குறையன்று.

முடிவுரை

பாடல் கூறுவது, கொளு கூறுவது, ஆய்வாளர் உய்த்துணர்வது என்னும் மூன்றையும் எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்டுவது புலவர் வரலாற்றின் முதற்கடமை. ‘பாடினார்’, ‘பாடியதாகக் கொளு குறிக்கிறது’, ‘பாடியிருக்கலாம்’ என்னும் மூன்று தொடர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நடை சார்ந்ததன்று. சான்றின் தரம் சார்ந்தது. இவ்வேறுபாட்டைப் பேணினால் வன்பரணரின் வரலாறு சில பக்கங்களில் அடங்கிவிடும். ஆனால் அப்பக்கங்களை அடுத்த ஆய்வாளர் தயக்கமின்றி மேற்கோளாகக் கொள்ள இயலும்.