காரின் பேட்டரியும் தொடக்கக் கோளாறுகளும்

தொடக்கக் கோளாறு என்பது, சாவியைத் திருப்பினாலும் பொத்தானை அழுத்தினாலும் காரின் எஞ்சின் இயங்கத் தொடங்காத நிலையாகும். இந்நிலையில் பழி உடனே பேட்டரியின் மீது விழுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதிய பேட்டரி பொருத்திய பின்பும், அடுத்த வாரமே கார் மறுபடி நின்றுவிடுவது உண்டு. பேட்டரி, அதன் முனை இணைப்புகள், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றில் எது பழுதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றுதான். எனவே பேட்டரியை மாற்றுமுன் காதால் கேட்டும் கருவியால் அளந்தும் பார்ப்பது நல்லது. இங்குக் கூறப்படுபவை பெட்ரோல், டீசல் கார்களின் வழக்கமான 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குப் பொருந்தும்.

அமைப்பு

ஈய-அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டின் காஸ்டோன் பிளாண்டே 1859இல் உருவாக்கினார். காருக்குள் அதற்கு முக்கிய இடம் கிடைத்தது, சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான். அதுவரை எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்ற வேண்டியிருந்தது. அது திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர்.

பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருவதால் முழு மின்னேற்றத்தில் மொத்தம் 12.6 வோல்ட் கிடைக்கிறது. எஞ்சினைச் சுழற்றும் சில நொடிகளுக்கு மட்டும் ஸ்டார்ட்டர் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். காரில் வேறு எந்தக் கருவியும் இவ்வளவு மின்னோட்டம் கேட்பதில்லை.

விளக்கு எரிகிறது, கார் கிளம்பவில்லை

"லைட் நன்றாக எரிகிறது, அப்படியானால் பேட்டரி நல்ல நிலையில்தான் இருக்கிறது" என்று சொல்வது வழக்கம். பள்ளியில் படித்த ஓமின் விதியே இது தவறு என்று காட்டும். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, அந்த இணைப்பில் 0.02 ஓம் மின்தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும்போது அங்கே இழப்பு 10 × 0.02 = 0.2 வோல்ட். கண்ணுக்கு அது தெரியாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் கேட்கும்போதோ இழப்பு 150 × 0.02 = 3 வோல்ட். நடைமுறையில் மின்னோட்டமும் சேர்ந்தே குறைந்துவிடும். ஸ்டார்ட்டர் முனகி நின்றுவிடும். பேட்டரியின் உள்தடை வயதாகி உயர்ந்துவிட்டாலும் இதே கதைதான்.

ஆகவே விளக்கு எரிவது பேட்டரிக்கு நற்சான்று அல்ல; ஸ்டார்ட்டர் சுழலாதது பேட்டரி செத்துவிட்டதற்குச் சான்றும் அல்ல.

ஒலியைக் கொண்டு அறிதல்

சாவியைத் திருப்பியதும் "டக் டக் டக்" என்று விடாமல் ஒலித்தால், ஸ்டார்ட்டரின் சொலினாய்டு இழுத்துக்கொள்வதும் அழுத்தம் விழுந்ததும் விட்டுவிடுவதுமாக இருக்கிறது என்று பொருள். பேட்டரி இறங்கியிருக்கலாம் அல்லது இணைப்பு கெட்டிருக்கலாம். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, விளக்குகளும் மங்காமல் இருந்தால் சொலினாய்டின் தொடுமுனைகளையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களையோ சந்தேகிக்கலாம். எந்த ஒலியும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தானியங்கி கியர் கார்களில் நெம்புகோல் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் இல்லாவிட்டாலும் ஸ்டார்ட்டர் அசையாது. இதை மறந்து மெக்கானிக்கை அழைப்பவர்கள் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கும். அப்போது சாவியை விடாமல் திருப்பினால் நல்ல பேட்டரியும் காலியாகும்.

அளந்து பார்த்தல்

சாதாரண மல்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் பேட்டரி முனைகளுக்கு இடையே 12.6 வோல்ட் காட்டினால் மின்னேற்றம் முழுமை, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே மிகக் குறைவு. ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் அளக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், முதலில் வெளிச் சார்ஜரில் முழுமையாக ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் சரிந்தால் பேட்டரியை மாற்றலாம்.

பலரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டிலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். இடையே அரை வோல்ட் காட்டினாலே இணைப்பு கெட்டிருக்கிறது. எஞ்சினை நிறுத்திக் கருப்புக் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினால் வேலை முடிந்தது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5க்கு மேல் ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ பழுது. ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஓடும் எஞ்சினிலேயே பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய பட்டறை வழக்கத்தை இன்றைய கார்களில் அறவே விட்டுவிட வேண்டும். அப்போது அழுத்தம் திடீரென எகிறி மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொசுக்கிவிடக்கூடும்.

இரவில் நிறுத்திய கார் சில நாளில் காலியானால் எங்கோ மின்னோட்டம் கசிகிறது. டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு ஒன்றே நாளுக்கு சுமார் 10 ஆம்பியர்-மணி குடிக்கும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் தீர்ந்துவிடும். காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுவிடும். பிறகு மின்னேற்றம் முழுமையாக ஏறாது.

வேறு காரிலிருந்து மின்சாரம் எடுத்தல்

மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் ஒரு பொறி பறந்தால் அது வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும், கண் போய்விடலாம். இணைக்கும் வரிசை முக்கியமாவது இதனால்தான். சிவப்புக் கம்பியின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் முதலில் இணைக்கப்படும். பின்னர் கருப்புக் கம்பியின் ஒரு முனை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் இணைக்கப்படும். அதன் மறுமுனை இறங்கிய பேட்டரியில் அல்ல, அதிலிருந்து தள்ளி அதே காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் இணைக்கப்படும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது வாயுவுக்கு எட்டாத இடத்தில் பறக்கட்டும் என்பதே நோக்கம். கழற்றுவது இதற்கு நேரெதிர் வரிசையில். மோதிரம், கைச்சங்கிலி, வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கைக்கியர் கார்களில் மட்டுமே இயலும். பேட்டரி அடியோடு காலியாகியிருந்தால் எரிபொருள் செலுத்தும் கருவிக்கே மின்சாரம் இராது; எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை.

வெப்பமும் நீரும்

பேட்டரி குளிரில் சோர்வடையும். ஆனால் அதன் ஆயுளைத் தின்பது வெப்பம். கத்திரி வெயிலில் நாள்தோறும் நிற்கும் கார்களின் பேட்டரி விரைவில் நலிவது இதனாலேயே. திறக்கக்கூடிய மூடி உள்ள பேட்டரியில் குறைவது நீர் மட்டும்தான். அமிலம் உள்ளேயே தங்கிவிடும். எனவே வாலை வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். அமிலம் ஊற்றினால் கரைசல் கடுமையாகித் தகடுகளை அரிக்கும். குழாய்நீரின் உப்புகளும் கெடுதலே. மூடி இல்லாத வகைகளில் நீர் ஊற்றும் வேலையே இல்லை.