சிறிய சிதைவும் படகுக்குப் பகை

தீவகக் கடற்றொழிலாளரின் முதலும் சேமிப்பும் அவரது படகேயாகும். ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையான கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. நோர்வே உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் தொடங்கப்பட்ட சீநோர் நிறுவனம், பிற்காலத்தில் இவ்வகைப் படகுகளைக் கட்டி வழங்கியமை பலருக்கும் நினைவிருக்கும்.

மரம் உக்கும், கண்ணாடியிழை உக்காது என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கையால், படகின் மேற்பூச்சில் ஏற்படும் சிறு சிதைவுகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஜெல்கோட் எனப்படும் இம்மேற்பூச்சு வெறும் அழகுக்கானதன்று. ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள இப்பூச்சே உள்ளிருக்கும் இழைப் படைகளைக் கடல்நீரிலிருந்து காக்கிறது. அது பெயர்ந்தால் நீர் இழைகளின் வழியே உள்ளே ஊறும். நாளடைவில் படைகள் பிரியும். படகின் பாரம் கூடும். எரிபொருட் செலவும் ஏறும். இயந்திரம் பூட்டும் பின்பலகையினுள் மரம் வைத்துக் கட்டப்பட்ட படகுகளில் அந்த மரமும் உக்கத் தொடங்கும். நடுக்கடலில் அப்பலகை தளர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

சிதைவுக்கான காரணங்கள் நாம் அறிந்தவையே. முருகைக்கல் நிறைந்த கரையில் படகை இழுத்தல், நங்கூரத்தை விளிம்பில் மோதவிடல், இறங்குதுறைச் சுவரில் உராயவிடல் என்பன அவற்றுள் முதன்மையானவை. இழுக்கும்போது உருளைக் கட்டைகளை இடுவதும், துறையில் பழைய டயர்களைத் தொங்கவிடுவதும், கயிறு உராயும் விளிம்புக்கு இறப்பர் பொருத்துவதும் அதிக செலவின்றிச் செய்யக்கூடியவை.

பெயர்ந்த இடத்தைத் திருத்தும்போது அவசரம் கூடாது. முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி, படகைச் சில நாட்கள் நன்கு உலரவிட வேண்டும். ஆகையால் மாரி மழைக்கு முன்னரே இவ்வேலையை முடிப்பது நன்று. தளர்ந்த பகுதிகளைச் சுரண்டி, சுற்றுப்புறத்தை அரத்தாளால் தேய்த்து, அசிற்றோனால் துடைக்க வேண்டும். இழை அறுந்திருப்பின் முதலில் இழைப்பாயும் ரெசினும் இட்டு அதனை வலுப்படுத்த வேண்டும். அதன்பின் ஜெல்கோட்டுடன் ஹார்ட்னரை, தயாரிப்பாளரின் அறிவுறுத்தற்படி, பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கலந்து, சுற்றுப்பரப்பிலும் சற்று உயரமாகப் பூச வேண்டும். காற்றுப் பட்டால் சாதாரண ஜெல்கோட்டின் மேற்பரப்பு ஒட்டும் தன்மையுடனேயே இருக்கும். எனவே பொலித்தீன் தாளால் மூடி, இறுகிய பின் நீர் தொட்டுத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். எமது வெப்பத்தில் கலவை விரைவில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும்.

வாகனங்களுக்குப் பூசும் பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே இடுவது தவறு. அது நீரை உறிஞ்சிப் பெயர்ந்துவிடும்.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். அதனைக் கோபால்ட் திரவத்துடன் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும் அபாயமுண்டு. அசிற்றோன் எளிதில் தீப்பற்றும். கண்ணாடி, கையுறை, தேய்க்கும்போது முகமூடி ஆகியன அவசியமாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்ததிலிருந்து புதுப்படகு வாங்குவது பலருக்கு எட்டாக்கனியாகிவிட்டது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இப்பொருட்களை மொத்தமாகக் கொள்வனவு செய்து சிறு அளவில் வழங்கலாம். ஒவ்வொரு துறையிலும் இளைஞர் ஓரிருவருக்கேனும் இப்பயிற்சியை வழங்க கடற்றொழில் திணைக்களமும் முன்வர வேண்டும். இருக்கும் படகுகளின் ஆயுளை நீடிப்பதே இன்றைய நிலையில் தீவகக் குடும்பங்களுக்குச் செய்யக்கூடிய பேருதவி என்பது எமது கருத்தாகும்.