உங்கள் தரவுக்குக் காவல் யார்?

சுங்கை ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டோர் நினைவிருக்கும். உரம், மருந்து, கத்தி, மண்வெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும். சாவி ஒரு கிராணியிடம். வரவும் செலவும் அவருடைய புத்தகத்தில். ஒரு மூட்டை குறைந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை.

உங்கள் அலுவலகத்தின் கணக்குகள், வாடிக்கையாளர் பட்டியல், சம்பள விவரம் இவற்றுக்கெல்லாம் அப்படி ஒரு கிராணி இருக்கிறாரா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து தாங்கியது ஏறக்குறைய 5 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் ஒன்றிரண்டு படம் எடுத்தாலே அது நிறைந்துவிடும். பின்னர் ஒவ்வொரு கணினிக்கும் அதற்குரிய வன்தட்டு என்று இருந்த காலத்தில், கணினியைப் பார்த்துக்கொள்பவரே தரவையும் பார்த்துக்கொண்டார். 1990-களில் நிலைமை மாறியது. வலையமைப்பின் வழியே பல கணினிகள் ஒரே பெரிய சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. ஒரே தொட்டியிலிருந்து ஊர் முழுவதும் தண்ணீர் எடுப்பதைப் போன்றது இது. தொட்டியில் கோளாறு என்றால் எல்லா வீட்டுக் குழாயும் வறண்டுவிடும். அதனால்தான் பெரிய நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பத் துறைகளில் சேமிப்பகத்துக்கென்றே தனிக் குழு உருவானது.

இக்குழுவின் வேலைகள் என்ன? இடம் தீருமுன் கணித்து வாங்குவது, யார் எதைத் திறக்கலாம் என்று வரையறுப்பது, பேக்கப் எடுப்பது, பழைய தரவை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று முடிவு செய்வது. நம் நாட்டில் வருமான வரிக்கான கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு: எடுத்த பேக்கப் உண்மையிலேயே திரும்ப வருகிறதா என்று சோதித்துப் பார்ப்பது.

இதன் அருமையைக் காட்டியது கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் அனுபவம். 2017 ஜனவரி 31 இரவு, ஒரு பொறியாளர் கோளாறு ஒன்றைச் சரிசெய்யும்போது, வேறு கணினி என்று நினைத்து முதன்மைக் கணினியின் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்தான். சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால் அங்கே ஒன்றும் இல்லை! மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை.

அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல்தான் கடைசியில் காப்பாற்றியது. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் பின்னர் அறிக்கையாக வெளியிட்டது. பேக்கப் ஏன் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு அதில் இருந்த பதில், அந்தப் பணிக்கு யாரும் பொறுப்பாளராக இல்லை என்பதுதான். பொறியாளரின் கைத்தவறு அந்த இரவில் நடந்தது. பொறுப்பாளர் இல்லாத குறையோ அதற்கு வெகுநாள் முன்பே இருந்தது.

அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த சேமிப்பகத்துக்கு வெளியே நகல் இல்லை. 858 டெராபைட் தரவு எரிந்துபோனது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் பிறப்புப் பத்திரம் தொலைந்ததால் அலைந்தவர்கள் உண்டு. ஒரே பிரதி என்பது எத்தனை ஆபத்து என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. இருந்தும் நான் ஒருமுறை ஒரு வகுப்பின் முழு ஆண்டு மதிப்பெண்களையும் ஒரே பென்டிரைவில் வைத்திருந்தேன். ஒரு நாள் அது திறக்கவே இல்லை. மாணவர்களின் விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, மூன்று இரவு விழித்து எழுதினேன்.

சிறிய கடைக்கோ பள்ளிக்கோ தனிக் குழு தேவையில்லை. நிபுணர்கள் சொல்லும் 3-2-1 விதி போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறிடத்தில். இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் ஏற்பாடு மட்டும் இருந்தால் அதைப் பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழிந்துவிடும்.

பிறகு ஒரு பெயரை எழுதி ஒட்டுங்கள்: பேக்கப் பொறுப்பு இன்னார். மாதம் ஒருமுறை அவர் ஏதாவது ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுத் திறந்து காட்டட்டும். அது திறக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். மூலக் கோப்பு பத்திரமாக இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள் அல்லவா?