முளைநெல்லின் இனிமை

ஜேர்மனியில் வதியும் மருமகனோடு பாம்பேர்க் நகரத்து மதுச்சாலை ஒன்றினுட் புகுந்தபோது என் கால்கள் தயங்கின. கள்ளுண்ணாமை அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் நான்.

"மாமா, ஒரு வாய் ருசி பாருங்கோ" என்றார் மருமகன்.

அந்நகரம் புகைப்பியருக்குப் பெயர் பெற்றது. வாற்கோதுமையை முளைகட்டி, பீச் மர விறகின் புகையிலே உலர்த்தி, அரைத்து வெந்நீரிற் கரைத்து, ஹொப்ஸ் பூவோடு காய்ச்சிப் புளிக்க வைக்கின்றனர். முதல் மிடற்றிலே மாசிக் கருவாட்டின் மணம், அடுத்து மென்கசப்பு, ஈற்றிலே ஓர் இனிமை.

"இவ்வினிமை எங்கிருந்து வந்தது?" என வினவினேன். முளைக்கும் தானியத்தின் நொதியம் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் என்றும், அச்சர்க்கரையையே மதுவம் நொதிக்கச் செய்யும் என்றும் அவர் விளக்கினார்.

அக்கணமே பெரும்பாணாற்றுப்படை என் நினைவில் எழுந்தது. வலைஞர் குடியில் அரிசிக்கூழோடு முளைநெல்லைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் விளைவித்த மதுவை அந்நூல் வருணிக்கின்றது. "முளை எதற்கு, ஐயா?" என்று முன்னொருநாள் ஒரு மாணவன் கேட்டான். "அது மரபு" என்று கூறி அவனை இருத்திவிட்டேன்.

குவளையைப் பாதியில் வைத்தேன். குறளுக்கு நான் அன்று இழைத்த பிழை சிறிது. அம்மாணவனுக்கு இழைத்ததோ பெரிது. வரும் தவணையில் வகுப்பிலேயே நெல்லை முளைகட்டுவேன். உமி நீக்கி, ஆளுக்குச் சிறிது மெல்லக் கொடுப்பேன். உரை பின்னர் வரட்டும்.